மழைக் கணக்கு மேட்ரிக்ஸை ஆர் மென்பொருளில் சேமிப்பது

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு 1, சிற்றாறு 2 என நான்கு அணைகளின் மாத மழையை ஆரில் 12 நிரை, 4 நிரல் கொண்ட மேட்ரிக்ஸாக (எண் அட்டவணையாக) வைத்திருக்கிறேன்; நிரைக்கு ஒரு மாதம், நிரலுக்கு ஓர் அணை.

நம் கண்ணுக்குத்தான் அது கட்டம். ஆர் அதை நிரல் நிரலாக அடுக்குகிறது: பேச்சிப்பாறையின் டிசம்பர் முடிந்த பிறகே பெருஞ்சாணியின் ஜனவரி. 48 எண்கள் ஒரே நீளமாக, கூடவே ‘12, 4’ என்ற அளவுக் குறிப்பு. அதனால் கோப்பில் எழுதும் ‘ரைட்’ (write) கட்டளையை வெறுமனே கொடுத்தால், கோப்பில் வரிக்கு 5 எண்ணாக, ஒரே அணையின் மாதங்களே வரிசையாக விழும். முதலில் ‘டி’ (t) போட்டு மேட்ரிக்ஸைத் திருப்புங்கள், நிரை நிரலாக மாறும். அப்புறம் ‘ரைட்’டில், வரிக்கு எத்தனை எண் என்று குறிக்கும் ‘என்காலம்ஸ்’ (ncolumns) 4 என்று சொல்லுங்கள். வரிக்கு ஒரு மாதம் வந்துவிடும். திரும்பப் படிக்கும்போது ‘ஸ்கேன்’ (scan) கட்டளையால் எண்களை வாசித்து, நிரை நிரையாக நிரப்பச் சொல்லும் ‘பைரோ’வை (byrow) ‘ட்ரூ’ (TRUE) ஆக்கி 4 நிரல் மேட்ரிக்ஸ் கட்டுங்கள்.

எக்செல்காரர்களுக்குக் கொடுக்க சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) போதும். ஆனால் அதைத் திரும்பப் படிக்கும் ‘ரீட் சிஎஸ்வி’ (read.csv) தருவது மேட்ரிக்ஸ் அல்ல, டேட்டா ஃபிரேம் என்ற வேறு வகை அட்டவணை. அதை மேட்ரிக்ஸாக்க ‘ஆஸ் மேட்ரிக்ஸ்’ (as.matrix) போட மறக்காதீர்கள்.

எனக்கு மட்டும் என்றால், ஆரின் சொந்த வடிவில் சேமிக்கும் ‘சேவ் ஆர்டிஎஸ்’ (saveRDS) கட்டளைதான். எண்ணும் அணைப் பெயர்களும் அப்படியே திரும்பி வரும், கோப்பும் சுருங்கியிருக்கும். நோட்பேடில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அது பைனரி, அதாவது கணினி படிக்கும் வடிவம்.