வீட்டை விற்கும் முன் அதன் அடியில் தவழ்ந்து பாருங்கள்

வட கரோலினாவின் கேரி நகரில் இருந்த எங்கள் வீட்டை விற்பதற்காகச் சமையலறைக்குப் புதுக் கிரானைட் போட்டு, சுவர்களுக்குப் புது வண்ணம் அடித்திருந்தோம். வாங்க வந்தவர்கள் வீட்டைச் சோதிக்க அமர்த்திய இன்ஸ்பெக்டர் முழங்கால் உறையை மாட்டிக்கொண்டு, பக்கவாட்டிலிருந்த சிறு கதவு வழியாகக் கிரால் ஸ்பேஸுக்குள் தவழ்ந்து போனார். தரைக்கும் மண்ணுக்கும் இடையே மூன்றடி உயரமே உள்ள இருட்டு அது. பதினொரு ஆண்டுகளில் நாங்கள் ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. அவர் எடுத்து வந்த படத்தில், தரையைத் தாங்கும் மரச்சட்டத்தில் ஈரமானியின் இரண்டு ஊசிகள் குத்தியிருந்தன. எண் 22. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தை எட்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அருகே கண்ணாடி இழைப் பஞ்சு நனைந்து, கிழிந்த மெத்தைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

விலையில் 15,000 டாலர் குறைக்கச் சொன்னார்கள். நாங்கள் தயங்கினோம், அவர்கள் விலகிக்கொண்டார்கள். வாங்குபவர் வீட்டைச் சோதித்து முடிவெடுக்கும் காலத்தை இங்கே டியூ டிலிஜென்ஸ் காலம் என்பார்கள். அது முடிவதற்குள் வாங்குபவர் காரணமே சொல்லாமல் விலகலாம். அவர் போனாலும் சிக்கல் நம்மிடமே தங்கிவிடும். தெரிந்த பெரிய குறையை அடுத்தவரிடம் சொல்வது ஏஜென்டின் சட்டக் கடமை. விற்பவர் நிரப்பும் படிவத்திலும் கிரால் ஸ்பேஸ் ஈரம் பற்றிய கேள்வி உண்டு.

அதனால் கணக்கை நேராகப் போடுங்கள். கிரால் ஸ்பேஸின் மண்ணையும் சுவரையும் பிளாஸ்டிக்கால் மூடி, காற்றுத் துளைகளை அடைத்து, உலர வைக்கும் வேலைக்கு என்கேப்சுலேஷன் என்று பெயர். அது வீட்டின் விலையை ஏற்றும் என்று நம்பிச் செய்யாதீர்கள். மதிப்பீட்டாளர் பார்ப்பது சதுர அடியையும், படுக்கையறைகளையும், அக்கம்பக்கத்தில் விற்ற வீடுகளையும்தான். மண்மேல் விரித்த பிளாஸ்டிக்குக்காக அவர் தொகையைக் கூட்டுவது அரிது. ஆனால் பேசி முடித்த விலை கடைசி வாரத்தில் சரியாமல் அது காக்கும். எங்கள் 1,600 சதுர அடி வீட்டுக்கு ஆன செலவு 9,800 டாலர்.

ஈரம் எங்கிருந்து வருகிறது? அடித்தளச் சுவரில் துளைகள் வைத்தால் காற்றோடி உலர்ந்துவிடும் என்று நினைத்துத்தான் பழைய வீடுகளைக் கட்டினார்கள். ஜூலையின் புழுக்கக் காற்று உள்ளே வந்து, ஏசியின் குளிர்ந்த குழாய்களில் பட்டதும், குளிர்ந்த நீர் நிரப்பிய செம்பின்மேல் பூப்பதுபோல நீர் முத்து முத்தாகப் பூக்கிறது. ராலேயைச் சேர்ந்த அட்வான்ஸ்டு எனர்ஜி நிறுவனம் பிரின்ஸ்வில் ஊரில் 12 வீடுகளை ஆராய்ந்தது. துளைகளை அடைத்த வீடுகளில் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆன மின்சாரம் சராசரியாக 15 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. வாங்குபவரிடம் தயங்காமல் சொல்லக்கூடிய செய்தி இது.

வேலையை வெளியிலிருந்து தொடங்குங்கள். நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கூரை நீர் சுவரோரமாகவே கொட்டுகிறதா? குழாயை நீட்டி, மண்ணை வெளிப்புறமாகச் சரியவிடுங்கள். பத்தடி தூரத்துக்கு ஆறு அங்குலச் சரிவு வேண்டும். இதைச் செய்யாமல் பிளாஸ்டிக் விரித்தால் அடியில் குளம்தான் மிஞ்சும். பிறகு ஒழுகும் குழாய்களைச் சரிசெய்து, பூஞ்சையைத் துடைத்தெடுத்து, மரம் உலர்ந்த பின்னரே தடித்த பிளாஸ்டிக்கை விரிக்க வேண்டும். இணைப்புகளை டேப்பால் ஒட்டி, தூண்களைச் சுற்றி, துளைகளை அடைத்து, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபயரை வைக்க வேண்டும். அதன் நீர் வெளியே போக வழி இருக்கட்டும். உள்ளே கேஸில் எரியும் ஹீட்டர் இருந்தால், எரிவதற்கான காற்று அதற்கு வெளியிலிருந்து வருகிறதா என்று உரிமம் பெற்றவர் பார்த்துச் சொல்லும்வரை எந்தத் துளையையும் அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

எங்கள் ஒப்பந்தக்காரர் ஒரு தவறு செய்தார். சுவரின் பிளாஸ்டிக்கை மேலே மரம்வரை இழுத்து ஒட்டிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கரையான் மண்ணிலிருந்து ஏறித் தன் மண்குழாயைக் கட்டுவது அந்தச் சுவர்மேல்தான். பிளாஸ்டிக் மூடிவிட்டால் கண்ணில் படாது. கரையான் சோதனைக்கு வந்தவர் சான்று தர மறுத்துவிட்டார். சுவரின் உச்சியில் சுற்றிலும் 3 அங்குலம் வெட்டியெடுத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். இந்த இடைவெளியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

எப்போது செய்வது? இரண்டு மாதத்தில் விற்பதாக இருந்தால், முதலில் ஈரத்தை அளந்து பாருங்கள். மரம் உலர்ந்திருந்தால் சாதாரண பிளாஸ்டிக் விரிப்பே போதும். ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. ஈரம் இருந்தால், ஒரு கோடைக்காலம் முழுவதும் கைவசம் இருக்கும்படி முன்கூட்டியே செய்யுங்கள். நாங்கள் உள்ளே ஓர் உணர்கருவியை வைத்து, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காற்றின் ஈரப்பத அளவைச் சேமித்தோம். அது 55 சதவீதத்தைத் தாண்டவேயில்லை. அந்தப் பட்டியல், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், ரசீது, கரையான் சான்று, உத்தரவாதப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்தோம். உத்தரவாதம் புது உரிமையாளருக்கு மாறுமா, ஆண்டுதோறும் சோதனை செய்தால்தான் செல்லுமா என்று வரிவரியாகப் படியுங்கள்.

அடுத்து வந்த இன்ஸ்பெக்டரும் தவழ்ந்து போனார். ஈரமானி 13 காட்டியது. கிரால் ஸ்பேஸுக்காக ஒரு டாலரும் குறைக்கச் சொல்லவில்லை. அவர் வருவதற்கு முதல்நாள் டிஹியூமிடிஃபயரின் வடிகட்டியைக் கழுவி, நீர்க்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்து வைத்திருந்தேன். நீங்களும் அதை மறக்காதீர்கள்.