பாலினப் பங்கும் ‘டைப் ஏ’ ஆளுமையும்: தொடர்பை அளப்பது எப்படி

இந்தத் தலைப்பில் ஆய்வு செய்ய வரும் மாணவர்கள் பலர் ஆண்களின் சராசரியையும் பெண்களின் சராசரியையும் ஒப்பிட்டதோடு நின்றுவிடுகிறார்கள். அது போதாது. சமூகம் ஆண்மை என்றும் பெண்மை என்றும் பிரித்து வைத்திருக்கும் பண்புகளில் எவையெவை தன்னிடம் எவ்வளவு உண்டு என்று ஒருவர் கருதுகிறாரோ, அந்தப் பாலினப் பங்கைத்தான் அளக்க வேண்டும். எந்நேரமும் அவசரம், எதிலும் போட்டி என்றிருக்கும் ‘டைப் ஏ’ ஆளுமை இந்த ஆண்மை மதிப்பெண்ணோடுதான் ஒட்டிவருகிறது.

பாலினப் பங்கை அளக்க அமெரிக்க உளவியலாளர் சாண்ட்ரா பெம் 1974-ல் வெளியிட்ட பட்டியலில் 60 பண்புகள் உண்டு: ஆண்மை 20, பெண்மை 20, பொது 20. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் வாங்குங்கள். ஆண்மைக்கும் பெண்மைக்கும் தனித்தனிச் சராசரி எடுங்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டாம்; கழித்தால் இரண்டிலும் உயர்ந்தவரும் இரண்டிலும் தாழ்ந்தவரும் ஒரே எண்ணில் வந்து நிற்பார்கள். இரண்டையும் இடைநிலை அளவில் (median) உயர்வு, தாழ்வு என்று வெட்டி நான்கு குழுக்களாகப் பிரிப்பது பழைய வழக்கம். வெட்டுக்கோடு நடுவே விழுந்தால் 4.8-ம் 4.9-ம் வாங்கிய இருவர்கூட அதில் வெவ்வேறு குழுவுக்குப் போய்விடுவார்கள். முழு மதிப்பெண்களையே தொடர்புப்போக்குப் பகுப்பாய்வில் (regression) இடுங்கள். ஆண்மை, பெண்மை இரண்டின் பெருக்கற்பலனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; இரண்டும் சேர்ந்து வருவதற்குத் தனி விளைவு உண்டா என்பது அதில் தெரியும்.

‘டைப் ஏ’ பக்கம், அதை அளக்கவென்றே உருவான ஜென்கின்ஸ் வினாத்தாள் வசதியானது. மொத்த மதிப்பெண்ணோடு நிற்காமல் வேகம்-பொறுமையின்மை, கடும் உழைப்பு-போட்டி, வேலை ஈடுபாடு என்று பிரித்துப் பாருங்கள். சாதிக்கும் துடிப்பும் எரிச்சலும் ஒன்றல்ல. முன்னது படிப்பில் நல்ல மதிப்பெண்களோடும் பின்னது உடல்நலப் புகார்களோடும் சேர்ந்துவருவதை உளவியலாளர் ஸ்பென்ஸ் குழுவினர் 1987-ல் காட்டினார்கள். ‘டைப் ஏ’-வோடு முதலில் இணைத்துப் பேசப்பட்ட இதய நோய் விஷயத்திலும் பிற்கால ஆய்வுகள் பகைமை உணர்வையே முதன்மையாகச் சுட்டின.

பலர் சறுக்குவது வேறொரு இடத்தில். பெம் பட்டியலின் ஆண்மைப் பகுதியிலேயே ‘போட்டி மனம் உள்ளவர்’, ‘முன்னேறத் துடிப்பவர்’ போன்றவை இருக்கின்றன. ‘டைப் ஏ’ வினாத்தாளும் அதையேதான் கேட்கிறது. ஒரே கேள்வியை இருமுறை கேட்டால் ஒட்டுறவு (correlation) உயராமல் என்ன செய்யும்? இந்தச் சொற்களை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். இரண்டு எண்களையும் அறிக்கையில் அருகருகே கொடுங்கள். நீக்கிய பிறகும் எஞ்சும் தொடர்பைப் பற்றி மட்டும் பேசுங்கள்.