டெட்லிஃப்டில் நழுவிய பிடி

டெட்லிஃப்டில், அதாவது தரையில் கிடக்கும் எடைக் கம்பியை நிமிர்ந்து நிற்கும்வரை தூக்குவதில், முதுகுக்கும் காலுக்கும் 120 கிலோ பெரிய விஷயமாக இல்லை. கம்பி முழங்காலைத் தாண்டியதும் விரல்கள்தான் ராஜினாமா கொடுத்துவிடும். எங்கள் ஜிம் கம்பியில் சொரசொரப்பு தேய்ந்து வழவழப்பாகிவிட்டது வேறு.

முதலில் மெக்னீசியம் கார்பனேட் பொடி. வியர்வையை நன்றாக உறிஞ்சும். தரை வெள்ளையாகிறது என்று மாஸ்டர் முறைத்ததால் அதே பொடியை ஆல்கஹாலில் கலந்த திரவத்துக்கு (லிக்விட் சாக்) மாறினேன். ஆல்கஹால் ஆவியானதும் பொடி கையோடு ஒட்டிக்கொள்ளும்.

உண்மையில் காப்பாற்றியது கம்பியைப் பிடிக்கும் இடம்தான். உள்ளங்கை நடுவில் பிடித்தால், தூக்கும்போது அது விரல்பக்கம் சறுக்கித் தோலையும் மடக்கும். முதலிலேயே விரல்கள் தொடங்கும் இடத்தில் வைத்தால் சறுக்க இடமில்லை.

கனமான கடைசி செட்டுக்கு மட்டும் ஒரு உள்ளங்கை முன்னே பார்க்க, மற்றது பின்னே பார்க்கப் பிடிப்பேன். ஒரு கையில் கம்பி உருளப் பார்த்தால் மறுகை தடுத்துவிடும். உள்ளங்கை முன்னே பார்க்கும் கையை மட்டும் முழங்கையில் மடக்கவே கூடாது. பைசெப்ஸ் தசைநார் கிழியலாம்.

மணிக்கட்டைக் கம்பியோடு சுற்றிக் கட்டும் ஸ்ட்ராப்பா? பையில் இருக்கிறது. பவர்லிஃப்டிங் போட்டிகளில் அதற்கு அனுமதியில்லை. நான் போட்டிக்கெல்லாம் போகப்போவதில்லை, ஆனாலும் ஒரு வறட்டு ரோஷம்.

அப்புறம், காய்ப்புகளைக் குளித்த பிறகு கல்லால் தேய்க்கிறேன். அது அம்மா குதிகால் தேய்க்கும் கல். அவருக்கு இன்னும் தெரியாது.