முதல் நாளே ஓகரை இறக்காதீர்கள்: புது ஜி.எம். தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் ஒரு மொட்டை மாடி. பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை நான் முதன்முதலாக ஜி.எம். ஆக, அதாவது கதை சொல்லி எதிரிகளை ஆட்டுவிக்கிறவனாக, நடத்திய சாயங்காலம். ஆட வந்தவர்கள் நான்கு பேர், எல்லாருடைய பாத்திரமும் தொடக்க நிலையான முதல் லெவல். கதை நடக்கிற இடம் திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காடு மாதிரி ஒன்று. செம்மண் மேடு, நாலாபக்கமும் பனை. அங்கே ஒரே ஒரு ஓகரை (தடி தூக்கிய ராட்சதன்) நிறுத்தியிருந்தேன். ஒருத்தன்தானே, நாலு பேர் சேர்ந்தால் சாய்த்துவிட மாட்டார்களா என்ற நினைப்பு.

முதல் ரவுண்டிலேயே ஓகருக்காக நான் உருட்டிய இருபதுமுகப் பகடையில் இருபது விழுந்தது. அதுதான் கிரிட்டிக்கல், அப்படியென்றால் அடிக்கான பகடை இரட்டிப்பு. ஓகரின் தடிக்கு நான்கு எட்டுமுகப் பகடை, அதோடு ஒரு நாலு. கூட்டினால் 26. வாங்கியது சித்தி மகளின் விசார்டு (மந்திரவாதிப் பாத்திரம்), அவளிடம் இருந்ததே 8 ஹெச்.பி. (உயிர்ப் புள்ளி). கழித்தது போக மிச்சம் 18. அந்த மிச்சமே முழு ஹெச்.பி.யை எட்டிவிட்டால் மயக்கம்கூடக் கிடையாது, நேராகச் சாவுதான். அந்த விசார்டுக்குப் பெயர், ஊர், தாத்தா காலத்துப் பகை என்று ஒரு மணி நேரம் எழுதியவள் தாளை மடித்து வைத்தாள். "ஏண்ணே, இதுக்கா இவ்வளவு நேரம் எழுதச் சொன்னிய?"

நான் பார்த்தது எதிரி எத்தனை பேர் என்பதை மட்டும். ஒரு அடியில் எவ்வளவு எடுப்பான் என்று பார்க்கவே இல்லை. சின்ன லெவலில் முதலில் போட வேண்டிய கணக்கு அதுதான்: எதிரியின் சராசரி அடியை எடுத்து, உங்கள் மேசையில் ஹெச்.பி. குறைந்தவரின் பக்கத்தில் வையுங்கள். ஓகரின் சராசரி 13. சி.ஆர். (எதிரியின் பலத்தைக் காட்டும் எண்) 1 தானே என்று கொண்டுவரும் பக்பேர் என்ற அரக்கனுக்கும் 11. இரண்டுமே விசார்டை ஒரே அடியில் கீழே போடும். (இங்கே சொல்வதெல்லாம் ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகத்து எண்கள்.)

சரி, பெரியவன் வேண்டாம், சின்னச் சின்னதாகப் போடலாம் என்று அடுத்த வாரம் நான்கு காப்ளின்களை (குட்டிப் பூதங்கள்) இறக்கினேன். அதுவும் தப்பாகப் போனது. ஒரு காப்ளினுக்கு 50 எக்ஸ்.பி. (அனுபவப் புள்ளி), நாலுக்கு 200. சண்டை எவ்வளவு கடினம் என்று பார்க்க, எதிரிகள் மூன்று முதல் ஆறு பேர் என்றால் அதை இரண்டால் பெருக்க வேண்டும், ஆக 400. நான்கு முதல் லெவல் ஆட்களுக்கு உயிருக்கே ஆபத்து என்று புத்தகம் போட்டிருக்கும் கோடு சரியாக அந்த 400-இல்தான் தொடங்குகிறது. ஏ.சி. (அடி படப் பகடை எட்ட வேண்டிய எண்) 12 உள்ள விசார்டை ஒரு காப்ளின் அடித்தால் நூற்றுக்கு 65 தடவை படும். நாலும் அவள் மேலேயே பாய்ந்தால் சராசரியாக இரண்டு அடிக்கு மேல் விழும், இரண்டு அடியில் ஆள் காலி. 2024 புத்தகத்தில் அந்தப் பெருக்கலை எடுத்துவிட்டார்கள். ஆனால் நாலு பேர் நாலு முறை அடிப்பார்கள் என்பது எந்தப் பதிப்பிலும் மாறாது. அதே இடத்தில் நாலு கொள்ளைக்காரர்களைப் போட்டிருந்தால் பெருக்கிய பிறகும் 200 தான், நடுத்தரச் சண்டை. ஸ்டாட் பிளாக்கில் (எதிரியின் எண்கள் உள்ள கட்டம்) 'பாண்டிட்' என்று இருப்பதைப் பனங்காட்டுக் கள்ளன் என்று சொல்லிவிட்டால் போதும், எண்ணைத் தொடவே வேண்டாம்.

பெயர் மாற்றும்போது ஒன்று. சுடலை மாடனுக்கு ஹெச்.பி. போடாதீர்கள். அவருக்குக் கொடை கொடுக்கிற வீட்டுப் பிள்ளை உங்கள் மேசையிலேயே உட்கார்ந்திருப்பான்.

எதிரி சீக்கிரம் செத்துவிடுகிறான் என்று ஏ.சி.யை ஏற்றுவது இன்னொரு தவறு. ஏ.சி. 18 ஆனால், உருட்டியதோடு ஐந்து கூட்டிக்கொள்கிறவனுக்குக்கூட நூற்றுக்கு 40 தான் படும். தன் முறைக்காகப் பத்து நிமிடம் காத்திருந்து, உருட்டி, "படல" என்று கேட்டுவிட்டு மறுபடி காத்திருப்பதைவிட அலுப்பு எதுவும் இல்லை. ஏ.சி.யைக் குறைத்து ஹெச்.பி.யைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஜோம்பிக்கு ஏ.சி. 8, ஹெச்.பி. 22. அநேகமாக எல்லா அடியும் படும், ஆனாலும் சனியன் எழுந்து எழுந்து வரும். மேசையில் சத்தம் ஓயாது.

இடத்தையும் கணக்கில் சேருங்கள். தேரி மணலில் கால் புதையும், 30 அடி நடக்கிறவன் 15 அடிதான் போக முடியும். மேட்டில் வில்லோடு நிற்கும் இரண்டு கள்ளர்கள் அங்கே நாலு பேருக்குச் சமம். அதற்கு ஈடாக ஆட்டக்காரர்களுக்குப் பனைமரத்தைக் கொடுங்கள். பின்னால் ஒதுங்கினால் ஏ.சி.யில் இரண்டு கூடும்.

அப்புறம், எல்லா எதிரியும் சாகும்வரை நிற்கும் பழக்கம். முண்டந்துறைக் காட்டுச் செந்நாய்க்கு ஓநாயின் எண்களையே போடலாம். பக்கத்தில் கூட்டாளி நின்றால் இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளும், கடித்தால் ஆளைக் கீழேயும் தள்ளக்கூடும், அதனால் மூன்றே போதும். ஒன்று விழுந்ததும் மற்ற இரண்டும் ஓடட்டும். அது இரை தேடி வந்த பிராணி, பழி வாங்க வந்ததில்லை.

ஓகரை நான் ஒரேயடியாக விட்டுவிடவில்லை. மூன்றாவது வாரம் அதே தேரிக்காட்டில், கள்ளு மயக்கத்தில் பனைக்கு அடியில் தூங்க வைத்தேன், இடுப்பில் ஒரு சாவிக் கொத்தோடு. சித்தி மகளின் புது விசார்டு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பகடையை உருட்டினாள். பதினேழு. சாவி வந்துவிட்டது. ஓகர் புரண்டு படுத்தான்.