கத்தரியில் வாடிய குருத்தைக் கிள்ளி எடுங்கள்

கத்தரிச் செடியின் நுனிக் குருத்து மட்டும் வாடித் தொங்கினால், வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளி, வரப்பில் வீசாமல் எரித்துவிடுங்கள். நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து பூக்கும் வரை வாரம் ஒருமுறை இதைச் செய்தால் மருந்துச் செலவு குறையும். குருத்தை இப்படி வாடவைப்பது குருத்தும் காயும் துளைக்கும் புழு; அது வெள்ளை இறகில் பழுப்புத் திட்டுகள் கொண்ட ஒரு சிறிய அந்துப்பூச்சியின் பிள்ளை. காய் வராத நாள்களில் இளந்தண்டுக்குள் புகுந்து தின்று, வளர்ந்தபின் வெளியேறிச் சருகிலும் மண்ணிலும் கூட்டுப்புழுவாகிறது. தண்டுக்குள் இருக்கும்போது எந்தத் தெளிப்பும் அதை எளிதில் எட்டாது, விரல் எட்டும். கிள்ளிய இடத்தில் பக்கக் கிளை விடுவதால் செடிக்கு நட்டமில்லை.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் இலவம்பாடி முள்ளு கத்தரிக்கும் இது பொருந்தும், முள்ளுக்குக் கையுறை வேண்டும் என்பதைத் தவிர. உருளைக்கிழங்கு, சுண்டை, மணத்தக்காளி ஆகியவற்றிலும் இப்புழு வளரக்கூடும் என்பதால், அவை அருகில் இருந்தால் அவற்றின் குருத்தையும் பாருங்கள். அடுப்பெரிக்கச் சேர்த்து வைக்கும் காய்ந்த கத்தரி மாறு, பலரும் கவனிக்காத பூச்சிக் கிடங்கு.

காய் பிடித்த பிறகு புழு காய்க்கு மாறிவிடும்; அப்போது துளை விழுந்த காய்களையும் பறித்து அழிக்காமல் குருத்தை மட்டும் கிள்ளுவது பயன்படாது. செடி முழுவதும் ஒரேயடியாக வாடினால் அது பெரும்பாலும் வாடல் நோய், இந்தப் புழுவின் வேலையன்று.