கழுத்தில் நெறி கட்டினால் பத்து போட்டுக் காத்திருக்காதீர்கள்

கழுத்தில் வலியே இல்லாமல் ஒரு கட்டி, மூன்று வாரம் ஆகியும் கரையவில்லை என்றால், அதற்குப் பத்து போட்டுக்கொண்டு சம்பா நடவு முடியட்டும், அப்புறம் அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அது தொண்டைப் புற்றின் முதல் அடையாளமாக இருக்கலாம். "நான் வெற்றிலை புகையிலை போடுவதில்லை, பீடியும் கிடையாது, எனக்கு எப்படி வரும்?" என்ற தைரியமும் வேண்டாம். நம் பக்கம் வாய், தொண்டைப் புற்றில் பெரும்பங்கு இன்னும் புகையிலையாலும் பாக்காலும்தான் வருகிறது, அது உண்மை. ஆனால் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றைக் கொண்டுவரும் அதே எச்பிவி வைரஸ், முக்கியமாக அதன் 16ஆம் வகை, டான்சிலிலும் அடிநாக்கிலும் புற்றை உண்டாக்கும். ஆண்களுக்குத்தான் அதிகம்.

வீட்டில் பார்க்க வேண்டியது இதுதான். காதுக்குக் கீழே தொடங்கி, தாடை ஓரமாக, காறை எலும்பு வரை விரல் நுனியால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சளி காய்ச்சலில் கட்டும் நெறி பெரும்பாலும் தொட்டால் வலிக்கும், சில நாளில் வற்றிவிடும். வலிக்காமல் கெட்டியாக நிற்பதுதான் சந்தேகப்பட வேண்டியது. போன் டார்ச்சை அடித்து வாயைத் திறந்து 'ஆ' சொல்லுங்கள், ஒரு பக்க டான்சில் மட்டும் பெருத்திருக்கிறதா? ஒரே பக்கம் காதுவலி, விழுங்கும்போது உறுத்தல், எச்சிலில் ரத்தம், இவையும் கணக்கில் வரும். ஆனால் அடிநாக்கு கண்ணாடியில் தெரியாது, அதனால் வாய் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிட வேண்டாம்.

நேராகக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். நம் டெல்டா பக்கம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஸ்கோப் (சின்னக் கேமரா வைத்த குழாய்) விட்டுத் தொண்டையைப் பார்க்கச் சொல்லுங்கள், கட்டியில் ஊசி குத்தி செல் எடுக்கும் டெஸ்ட்டையும் கேளுங்கள். அதற்கு முன் யாராவது கட்டியை வெட்டி எடுத்துவிடலாம் என்றால் சம்மதிக்காதீர்கள். புற்று என்று வந்தால் அது எச்பிவியால் வந்ததா என்று காட்டும் பி16 டெஸ்ட்டை எடுத்த சதையில் செய்யலாமா என்று கேளுங்கள், ஏனென்றால் எச்பிவியால் வந்த தொண்டைப் புற்று கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் மற்றதைவிட நன்றாகக் கட்டுப்படும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் பேச வேண்டும். இந்த வைரஸ் தொண்டைக்கு முக்கியமாக வாய்வழி உடலுறவில் தொற்றுகிறது. பெரும்பாலானோர் உடம்பில் ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும், சிலருக்குத் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றாகிறது. அதனால் இன்றைக்குக் கண்டுபிடித்ததை வைத்துக் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவதில் அர்த்தமே இல்லை. ஒரே சொம்பில் தண்ணீர் குடித்தால் தொற்றிவிடும் என்று நோயாளியை ஒதுக்கி வைப்பதும் தவறு.

பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் எச்பிவி தடுப்பூசி போட்டுவிடுங்கள், ஆறு மாத இடைவெளியில் 2 ஊசி. 15 வயது ஆகிவிட்டால் 3 ஊசி. ஏற்கெனவே வந்த தொற்றை அது குணமாக்காது, அதனால்தான் சின்ன வயதிலேயே போடச் சொல்கிறார்கள். பெண் பிள்ளைக்கு மட்டும் என்று நினைத்துப் பையனை விட்டுவிடாதீர்கள், இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவேக் என்ற எச்பிவி தடுப்பூசியை ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம்.