பட்டியில் மாடு தடுமாறினால்: விசர்நாய்க்கடியா, விசர் மாட்டு நோயா?

புல்லும் வைக்கோலும் தவிடும் புண்ணாக்கும் மட்டும் தின்கிற மாட்டுக்கு விசர் மாட்டு நோய் தொற்ற வழி மிகக் குறைவு. ஆபத்து, மூடையின் அடியில் மிஞ்சும் கோழித் தீவனத்தில் இருக்கிறது. அதில் இறைச்சி-எலும்புத் தூள் கலந்திருக்கலாம். வீணாகிறதே என்று பால்மாட்டுக்குக் கொட்டாதீர்கள். கோழிக்கூட்டு எருவிலும் சிந்திய தீவனம் கிடக்கும். வாளியும் வெவ்வேறாக இருக்கட்டும். பிரித்தானியாவில் 1986இல் கண்டறியப்பட்ட இந்த நோய் பரவியது அந்தத் தூளால்தான். 1988இல் மாட்டுக்கு அதைத் தடைசெய்த பிறகு பிறந்த கன்றுகளுக்கும் வந்தது. கோழி, பன்றித் தீவனம் அரைத்த ஆலையிலேயே மாட்டுத் தீவனமும் அரைபட்டது முக்கிய காரணம். நோயுற்ற மூளையில் 1 மில்லிகிராம் தின்ற கன்றுக்கே பரிசோதனையில் தொற்றியிருக்கிறது. அங்கே நோய் உறுதிசெய்யப்பட்ட மாடுகள் 180,000க்கும் மேல்.

தொற்றி 4, 5 வருடம் கழித்தே நோய்க்குணம் தெரியும். காய்ச்சல் இராது. பால் குறையும், பட்டியை விட்டு ஒதுங்கும், கைதட்டினாலே துள்ளும், கறக்கப் போனால் உதைக்கும், பின்னங்கால் பின்னும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மோசமாகும்.

விசர்நாய்க்கடி அப்படியல்ல. குரல் மாறிக் கதறும், எச்சில் வடியும், விழுங்க முடியாது, குணம் தெரிந்து பெரும்பாலும் 10 நாளுக்குள் செத்துவிடும். பெயரில் இரண்டும் விசர் என்பதால் குழப்பம் வருகிறது. நம் பக்கத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது விசர்நாய்க்கடியைத்தான். தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று வாய்க்குள் கைவிடுவதுதான் பெரிய பிழை. எச்சில் பட்டுவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எதுவானாலும் மாட்டைத் தனியே கட்டி, பாலை நிறுத்தி, கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். 'சாகமுதல் அறுத்துவிடுவோம்' என்று மடுவத்துக்கு அனுப்பக்கூடாது. உயிரோடு இருக்கும் மாட்டில் விசர் மாட்டு நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை இல்லை. செத்தபின் மூளைத்தண்டைத்தான் பார்ப்பார்கள். கோடரியால் மண்டையில் அடித்தால் மாதிரி சிதைந்துவிடும்.

விசர் மாட்டு நோய் மனிதருக்கு வருவது இறைச்சித் துண்டால் என்பதைவிட மூளை, முள்ளந்தண்டு நரம்பு, கண், சிறுகுடலின் கடைசிப் பகுதி ஆகியவற்றால்தான். பால் பரப்புவதாகத் தெரியவில்லை. 1996இல் பிரித்தானியாவில் அறிவிக்கப்பட்ட மனித நோயால் அங்கே 178 பேர் இறந்தார்கள், பலர் இளையவர்கள். ஆட்டுக்கு வரும் இதேபோன்ற ஸ்க்ரேப்பி நோய் மனிதருக்குத் தொற்றியதாக நிரூபிக்கப்படவில்லை.

சந்தேக மாட்டின் மூளையை எவ்வளவு நேரம் கறியாக வேகவைத்தாலும் பயனில்லை. இந்த நோயை உண்டாக்கும் பிரியான் என்பது கிருமியல்ல, பிழையாக மடிந்த புரதம். பக்கத்துப் புரதங்களையும் தன்னைப்போல் மடிக்கும். ஸ்பிரிட்டும் ஃபோர்மலினும் அதை அழிக்காது. கத்தி பட்டிருந்தால் லீட்டருக்கு 80 கிராம் கோஸ்டிக் சோடா கரைத்து 1 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். சோடாவைத் தண்ணீரில் போடுங்கள், சோடாமேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். அலுமினியப் பாத்திரம் அரித்துப்போகும்.

உடலை எங்கே புதைப்பது என்பதை வைத்தியர் சொல்லும்வரை நாய் அண்டாமல் மூடிவையுங்கள். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரை மணலில் சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும், கிணறுகளும் நெருக்கம். அங்கே குழி வெட்ட வேண்டாம். சுண்ணாம்பு கொட்டினால் நாற்றம் குறையும், பிரியான் சாகாது.